சஸ்பென்ஷன் சத்தம் போகவே இல்லையா? அடுத்த பாகத்தை வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். கேள்வி கேட்டவர் கம்பெனி சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, உயரம் கூட்டிக் குறைக்கிற காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்ப்ரிங்கும் சேர்ந்த செட்) போட்டிருக்கிறார். கரடுமுரடான ரோட்டில் மெதுவாகப் போனால் முன்னால் இடது பக்கம் ‘டக் டக்’ என்கிறது. வேகம் எடுத்தால் கேட்பதில்லை. லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி), டாப் மவுண்ட் (ஷாக்கின் உச்சியைக் காரின் உடலோடு பிடிக்கும் பாகம்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) மூன்றும் புதிதாகப் போட்டாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஒன்றும் இல்லை’ என்கிறார்கள். அடுத்து எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் நினைத்தபோது சத்தத்தை வரவழைக்கவும் நினைத்தபோது நிறுத்தவும் முடிகிற வரைக்கும் புதுப் பாகத்துக்குப் பணம் கட்டுவது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்தான். ஒரு பாகத்தை மாற்றிய பிறகு சத்தம் போனால்கூட, போனது அந்தப் பாகத்தாலா, மாற்றும்போது இறுக்கிய நாலு போல்ட்டாலா என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில், லிஃப்டில் ஏன் எதுவும் தெரிவதில்லை என்று பார்த்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஜாயிண்டில் துளி ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். அதன் மேல் ஒரே திசையில் பாரம் இருக்கும்வரை இரும்பு இரும்போடு ஒட்டியே நிற்கும், சத்தம் வராது. பாரம் குறைந்து, பூஜ்ஜியத்தைத் தாண்டி, எதிர்த் திசைக்கு மாறுகிற கணத்தில்தான் அந்த இடைவெளி மூடி ‘டக்’ என்று அடிக்கும். காரை லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்குகிறது, ஸ்ப்ரிங் ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது, எல்லா ஜாயிண்டும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் கம்பியை விட்டு நெம்பினாலும் அசையாமல் போகலாம். ரோட்டில் அதே ஜாயிண்ட் லொடலொடவென்று ஆடும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. பார்த்த நிலைதான் தப்பு.

அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே சோதிக்க வேண்டும். நான்கு சக்கரமும் தளத்தின் மேல் நிற்கிற லிஃப்ட், அல்லது கீழே குழி உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாக ஒரு சாண் அளவுக்கு வேகமாக ஆட்டட்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். விரலை ஜாயிண்டின் இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி வையுங்கள்: பால் ஜாயிண்ட் (ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் பந்து மூட்டு) என்றால் பாதி விரல் ஆர்ம் மேல், பாதி விரல் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) மேல். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குச் சின்ன உதறலாகத் தெரியும். நல்ல ஜாயிண்டில் இரண்டு பாதியும் சேர்ந்தே நகரும். ஸ்ப்ரிங் சுருள்களுக்கு நடுவில் மட்டும் விரலை விட வேண்டாம்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் அலுப்பான ஒரு வேலை இருக்கிறது: காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, டூல்ஸ், ஸ்டெப்னி, டேஷ்போர்டுக்குள் கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே வரட்டும். பேட்டரி கிளாம்ப், பானெட் லாக், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, சைலன்சர் பக்கத்து வெப்பத் தகடு, சீட் பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். திறக்கிற கூரை உள்ள கார் என்றால் கூரையின் கொக்கியும் சந்தேகப் பட்டியலில் சேரும். ஸ்போர்ட்ஸ் காரில் சத்தத்தை அடக்கும் பஞ்சும் கம்பளமும் குறைவு, புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) கெட்டி, ஸ்ப்ரிங் கெட்டி. எங்கேயோ ஆடுகிற சின்னத் தகடுகூட சஸ்பென்ஷனே கழன்ற மாதிரி கேட்கும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (டார்க், அதாவது இறுக்கும் விசையை, அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகிற ஸ்பேசர் போட்டிருந்தால் கட்டாயம்.

அடுத்து காசு செலவில்லாத ஒரு சோதனை. என்னிடம் கேட்டால், எல்லாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். சத்தம் வருகிற அதே ரோட்டில், அதே வேகத்தில், பிரேக்கை லேசாக மிதித்தபடி போங்கள். வண்டி நிற்கக் கூடாது, பேட் டிஸ்க்கைத் தொட்டால் போதும். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் சஸ்பென்ஷனை மறந்துவிட்டு பிரேக்கைப் பாருங்கள். சக்கரம் சின்னச் சின்ன மேடுகளில் குதிக்கும்போது, காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) பிராக்கெட்டுக்குள் தளர்வாக உட்கார்ந்திருக்கும் பேட் மேலும் கீழுமாகத் தட்டும். கேட்பதற்கு அசல் லிங்க் ராடு சத்தம் மாதிரியே இருக்கும். பேட்டின் காது (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்க வேண்டும். பேட் மாற்றும்போது அதை எடுத்துத் தூரப் போட்டிருப்பார்கள், அல்லது பழையதையே நெளித்துப் போட்டிருப்பார்கள். வெளியில் வாங்கும் டிராக் பேட்களில் காதின் அளவு கொஞ்சம் சிறிதாக இருப்பதும் உண்டு. காலிப்பர் நகர்கிற இரண்டு பின்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் உறை இருக்கும் மாடல்கள் நிறைய. அந்தப் பின்கள் இடம் மாறி உட்கார்ந்தாலோ, ரப்பர் தேய்ந்துபோனாலோ காலிப்பரே லொடலொடக்கும். பின்னும் ஸ்ப்ரிங் தகடும் பேட்டைப் பிடித்திருக்கிற பல பிஸ்டன் காலிப்பர் என்றால், பேட் உட்கார்ந்த இடத்தில் பின் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

பிரேக் மிதித்தும் சத்தம் தொடர்கிறதா, சரி, இடது வலது சஸ்பென்ஷனை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்குப் போவோம். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிற வேகத்தடை ஒன்றைத் தேடுங்கள். அதை நேராக, மெதுவாகக் கடந்து போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்படி ஓரமாகப் போங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் அது முறுகி லிங்க் ராடை இழுக்கும். எனவே ஒரு சக்கரத்துக்கு மட்டும் சத்தம், இரண்டுக்கும் சேர்த்து அமைதி என்றால் பார், லிங்க் ராடு, பாரைச் சட்டத்தோடு பிடிக்கிற டி வடிவ புஷ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு விதத்திலும் சத்தம் என்றால் ஷாக், டாப் மவுண்ட், ஆர்ம் பக்கம் போக வேண்டும்.

இதை உறுதிப்படுத்த, லிங்க் ராடுகளை இரண்டு பக்கமும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, அதே ரோட்டில் மெதுவாக ஒரு நடை போய் வாருங்கள். கார் வளைவில் அதிகம் சாயும், அதனால் வேகம் வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ஓட்டாதீர்கள். தளர்ந்த பக்கம் எங்காவது தட்டிப் புதுச் சத்தம் கிளம்பும். உங்கள் காரில் லிங்க் ராடு புதிது என்கிறீர்கள். புதிது என்பதாலேயே அதை விட்டுவிட முடியாது. அந்த நட்டை இறுக்கும்போது பால் ஸ்டட் கூடவே சுற்றும். அலன் கீ போட்டு ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டு இறுக்காவிட்டால், இறுகின மாதிரி தோன்றும், ஆனால் ஸ்டட்டின் தோள் பிராக்கெட்டில் அழுந்தி உட்கார்ந்திருக்காது. காரைத் தாழ்த்தியிருந்தால் இன்னொன்றும் உண்டு. பழைய நீளத்து லிங்க் ராடு தவறான கோணத்தில் நின்று, திருப்பும்போது ஸ்ட்ரட்டிலோ (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த தூண்) ஆர்மிலோ இடிக்கலாம். பெயின்ட் உரிந்து பளபளக்கிற இடம் இருந்தால் அதுவே சாட்சி.

இனி காயில்ஓவர். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இங்கேதான் அதிகம். குறிப்பாக ஷாக்கின் ராடு மேலே டாப் மவுண்டில் சேருகிற நடு நட்டு. ஏர் கன்னால் அதை இறுக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றிவிடும். துப்பாக்கி ‘டர்ர்’ என்று அடித்து ஓய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள், ஆனால் நட்டில் போதிய டார்க் ஏறியிருக்காது. ராடின் உச்சியை அலன் கீயால் பிடித்துக்கொண்டு, நடுவில் துளையுள்ள சாக்கெட்டால் இறுக்கிச் சரியான டார்க்கைக் கொடுக்க வேண்டும். இதைவிட நுணுக்கமான கோளாறும் உண்டு: வாஷரும் ஸ்பேசரும் அடுக்கிய வரிசை மாறியிருக்கும், அல்லது ஒன்று குறைந்திருக்கும். அப்போது நட்டு, மவுண்டை அழுத்துவதற்கு முன்பே மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும், ஆனால் மவுண்டுக்கும் ராடுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். புது டாப் மவுண்ட் போட்டும் சத்தம் மாறாத கார்களில் நான் முதலில் தேடுவது இதை.

கண்டுபிடிக்க பானெட்டைத் திறங்கள். மேலே உள்ள மூடியை எடுத்துவிட்டு, ஒரு விரல் நட்டின் மேலும் இன்னொரு விரல் மவுண்டின் தகட்டின் மேலும் இருக்கும்படி வையுங்கள். இன்னொருவர் அந்த மூலையை அமுக்கி அமுக்கி விடட்டும். பெரிதாக அமுக்க வேண்டாம், குட்டிக் குட்டியாக, வேகமாக. இரண்டு விரலுக்கும் நடுவில் ‘டிக்’ என்று தனியான அசைவு தெரிந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ரப்பர் உள்ள மவுண்டில் மெதுவான நெகிழ்வு இருக்கும், அது இயல்பு. சட்டென்ற தட்டுதான் குற்றவாளி. ரப்பர் இல்லாமல் உலோகப் பந்து வைத்த மவுண்ட் என்றால் தேய்மானமே காரணமாக இருக்கலாம். மழை நீரும் மண்ணும் போய் உள்ளே இருக்கும் மெல்லிய உறை தேய்ந்ததும் தட்ட ஆரம்பிக்கும், கிரீஸ் வைத்துச் சரிசெய்கிற விஷயமில்லை, பந்தைத்தான் மாற்ற வேண்டும். இந்த வகை மவுண்ட் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் பேசும். பந்தயத் தளத்துக்குச் செய்த பொருளைத் தினசரி ரோட்டில் ஓட்டினால் அந்த அளவு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டாப் மவுண்டில் உள்ள பேரிங் கெட்டுப்போனால் அடையாளம் வேறு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ப்ரிங் முறுகி, ஒரு கட்டத்தில் ‘டொய்ங்’ என்று விடுபடும். மேடு பள்ளத்தில் வருகிற ‘டக்’ அல்ல அது.

ஸ்ப்ரிங்கையும் பார்க்க வேண்டும். குட்டையான, கெட்டியான ஸ்ப்ரிங் போட்ட காயில்ஓவரில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்ப்ரிங் தன் இருக்கையில் தளர்ந்து நிற்கலாம். காரைத் தூக்கி, ஸ்ப்ரிங்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அது ‘டங்’ என்று இருக்கையில் வந்து விழும். ஸ்ப்ரிங் இருக்கையைச் சில மில்லிமீட்டர் ஏற்றிவிடலாம், அல்லது தளர்வை வாங்கிக்கொள்கிற சிறு ஹெல்பர் ஸ்ப்ரிங் போடலாம். ஆனால் நீங்கள் சொல்கிற சின்ன மேடுகளில் ஸ்ப்ரிங் எப்போதும் அமுங்கியே இருக்கும், எனவே இது உங்கள் கேஸ் இல்லை என்றே நினைக்கிறேன். உயரத்தைப் பூட்டிவைக்கிற லாக் ரிங்குகளை மட்டும் அதற்குரிய ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். கீழ் பிராக்கெட்டின் ரிங் தளர்ந்திருந்தால் ஷாக்கின் முழு உடலும் மரைக்குள் ஆடும். கையால் இறுக்கிவிட்டு அப்படியே விட்டவர்களை நிறையப் பார்க்கலாம்.

உங்கள் ஸ்ட்ரட் தலைகீழ் வகையா என்று விசாரியுங்கள். அதில் மெல்லிய ராடு கீழே இருக்கும், பருத்த உடல் வெளிக்குழாய்க்குள் இரண்டு புஷ்களின் மேல் வழுக்கி ஏறி இறங்கும். அந்த புஷ்களில் கிரீஸ் காய்ந்தாலோ, புஷ்களே தேய்ந்தாலோ, டயரின் மேல் பகுதியைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் வீல் பேரிங் போன மாதிரியே ஆட்டம் தெரியும். ஹப்பையும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நக்கிளையும் கூர்ந்து பார்த்தால் அவை ஒன்றாகவே நகரும், ஆட்டம் குழாய்க்கு மேலே இருக்கும். கிரீஸ் காய்ந்தது மட்டும்தான் காரணம் என்றால், கழற்றி, சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொல்கிற கிரீஸைப் பூசினால் அடங்கிவிடும். சஸ்பென்ஷன் வேலைகளில் இவ்வளவு மலிவாக முடிகிறவை குறைவு.

லோயர் ஆர்ம் புதிது என்றால், அதை எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். சாதாரண ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் குழாயை போல்ட் காரோடு பிடித்துக்கொள்ளும், வெளிக் குழாய் ஆர்மோடு இருக்கும், நடுவில் ரப்பர் முறுகிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் பாரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். உயரத்தை மாற்றும்போதெல்லாம் இந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போதுமான டார்க் இல்லாவிட்டால் உள் குழாயே பிடிப்பில்லாமல் நழுவும். பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸில் பிடிக்கும்போது இன்னொரு ‘டக்’ வரும். அதே மாதிரி, சத்தம் வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஆரம்பித்திருந்தால், கோணத்தைச் சரிசெய்யத் தளர்த்திய போல்ட்டுகளைத்தான் முதலில் பாருங்கள். வாஷருக்கு அடியில் புதிதாக உரசிய தடம் இருந்தால் அது நழுவியிருக்கிறது.

முன்னும் பின்னும் ஊர்ந்து பிரேக் பிடித்துப் பார்க்கும் இந்தச் சோதனை சப்ஃபிரேமுக்கும் (ஆர்ம்கள் மாட்டப்பட்டு, காரின் உடலோடு போல்ட்டால் பிடிக்கப்பட்ட சட்டம்) பொருந்தும். திசை மாறும்போது ஒரே ஒரு கனத்த அடி விழுந்தால் சப்ஃபிரேம் போல்ட்டையும் டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது மட்டும் வந்தால் இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், டிஃப்ரென்ஷியல் மவுண்ட். பிஎம்டபிள்யூ இ46 வரிசைக் கார்களில் பின் சப்ஃபிரேம் பிடிக்கிற இடத்தில் தளத் தகடே விரிசல் விடுவது உலகறிந்த விஷயம், பின்னாலிருந்து வரும் ‘டக்’கை அங்கே அலட்சியம் செய்யக் கூடாது. நிசான் 350Z போன்றவற்றில் வண்டி கிளம்பும்போது பின்னால் ‘டிக்’ என்று கேட்டால் அது சஸ்பென்ஷனே இல்லாமல், ஆக்ஸில் தண்டு ஹப்போடு சேருகிற முகம் காய்ந்து நழுவுவதாக இருக்கலாம்.

உங்களுடையது ‘டக்’. ‘கிரீச்’ என்று முனகுகிற சத்தமாக இருந்தால் வழி வேறு, சுலபமும்கூட. ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு காரை அமுக்கிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். மழை நாளில் மட்டும் கார் அமைதியாக இருக்கிறதென்றால் அந்தத் தகவலே பாதி பதில். பாலியூரித்தேன் புஷ் என்றால் அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் காய்ந்திருக்கும். கண்ட பெட்ரோலிய ஸ்ப்ரேயை ரப்பரில் அடித்தால் ரப்பர் ஊதிக் கெடும், அதைச் செய்ய வேண்டாம்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், கிளிப் போட்டுப் பல இடங்களில் மாட்டி, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கிற மைக் செட்டை வாடகைக்கோ இரவலோ வாங்குங்கள். கம்பிகளையும் கிளிப்புகளையும் சுழலும் பாகங்களில் சிக்காமல் கட்டுவது முக்கியம். காதை நம்ப முடியாததற்குக் காரணம், சப்ஃபிரேம் வழியாகச் சத்தம் அடுத்த பக்கத்துக்கு அப்படியே கடந்துவிடும். இடது பக்கம் என்று நீங்கள் சத்தியம் செய்வது வலது பக்கமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் ஒரே மாதிரியான இடங்களில் ஜோடியாக மாட்டுங்கள்: இடது நக்கிள், வலது நக்கிள், பிறகு இடது டாப் மவுண்ட், வலது டாப் மவுண்ட். எந்தப் பக்கம் கூர்மையாக அடிக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்திலேயே மைக்கைப் பாகம் பாகமாக நகர்த்துங்கள்.

உங்கள் காருக்கு நான் போகிற வரிசை: முதலில் பிரேக் மிதித்து ஒரு ஓட்டம், பிறகு ஒற்றைச் சக்கர மேடு, பிறகு பானெட்டைத் திறந்து நடு நட்டில் விரல். அதில் பிடிபடாவிட்டால் லிங்க் ராடுகளைக் கழற்றி ஒரு நடை.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்பீர்கள். பேட் தட்டுவதோ, லிங்க் ராடு ஆடுவதோ, மவுண்ட் முனகுவதோ என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டே தேடலாம். நடு நட்டு தளர்ந்திருப்பது தெரிந்தால் உடனே இறுக்க வேண்டும். காரைத் தூக்கி, டயரைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். 9 மணி, 3 மணி இடத்தில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடு அல்லது ஸ்டியரிங் ராக். இரட்டை ஆர்ம் உள்ள கார்களில், பாரம் தாங்குகிற பால் ஜாயிண்டைப் பார்க்க, ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதன் சுமையை எடுத்துவிட்டே ஆட்ட வேண்டும். இவற்றில் எதில் ஆட்டம் தெரிந்தாலும், சப்ஃபிரேம் போல்ட் தளர்ந்திருந்தாலும், காரை ஓட்டிப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.